வீக்கத்துக்கு ஒன்று, அதனால் இன்னொன்று: 78 வயதுப் பெண்ணின் நிகழ்வு ஆய்வு

இது ஒரே ஒரு நோயாளியின் கதை அல்ல. முதியோர் மருத்துவத்தில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் சிக்கல்களை ஒருவர்மீது ஏற்றி, கற்பிப்பதற்காக அமைத்த நிகழ்வு. இதில் வரும் அளவுகள் எல்லாம் நடைமுறையில் வரக்கூடியவையே.

வந்தபோது

78 வயதுப் பெண், எடை 48 கிலோ. 20 ஆண்டுகளாக ரத்த அழுத்தம், 12 ஆண்டுகளாகச் சர்க்கரை, இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. இரவு கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்துவிட்டார் என்று அதிகாலையில் அவசரப் பிரிவுக்கு அழைத்து வந்தார்கள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பேச்சில் தொடர்பில்லை, எந்நேரமும் தூக்கம். "மூணு மாசமாவே மறதி அதிகமாயிட்டு வருதுங்க டாக்டர். வயசாயிடுச்சு, அதான்னு நினைச்சோம்" என்றார் மருமகள். முதியவர்களின் எந்தத் தொந்தரவையும் இந்த ஒரு வார்த்தைக்குள் போட்டு மூடிவிடலாம். மருத்துவர்கள் நாங்களும் அதைச் செய்வதுண்டு.

விரல் நுனியில் எடுத்த ரத்தச் சர்க்கரை 46. வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை. இளவயதுக்காரருக்குச் சர்க்கரை இறங்கினால் உடம்பே கூப்பாடு போடும். முதியவர்களிடம் பல நேரம் அந்த எச்சரிக்கை இல்லாமல், குழப்பமும் தூக்கமும் மட்டுமே வெளியே தெரியும். குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார், பெயரைச் சொன்னார்.

இந்த இடத்தில் 'சர்க்கரை இறங்கியது, ஏற்றினோம், சரியாகிவிட்டது' என்று கோப்பை மூடிவிடத் தோன்றும். ஆனால் சர்க்கரை 140க்கு வந்த பிறகும் அவருக்கு இடமும் நாளும் தெரியவில்லை. போர்வையிலிருந்து எதையோ பொறுக்கி எடுப்பதுபோல் விரல்களை அசைத்துக்கொண்டே இருந்தார். கவனம் ஒரு நிமிடம் வந்தது, மறு நிமிடம் போனது. இது டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம். மாதக் கணக்கில் மெல்ல வரும் மறதிநோய் இப்படி மணிக்கு மணி மாறாது.

தலை ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, இடுப்பில் எலும்பு முறிவும் இல்லை. ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ஏறும் கிரியாட்டினின் 2.3 (நான்கு மாதங்களுக்கு முன் 1.0), பொட்டாசியம் 5.9 (அதிகம்), சோடியம் 130 (குறைவு). மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.3 சதவீதம். ஈசிஜியில் பொட்டாசியத்தால் வரும் மாற்றம் எதுவும் இல்லை. அடிவயிறு சற்று மேடாக இருந்தது, அழுத்தியதும் முகம் சுளித்தார். குழாய் போட்டதில் 750 மில்லி சிறுநீர் வந்தது.

'சிறுநீர் அடக்க முடியாமல் கசிகிறது' என்று மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். அவர் சிறுநீர்ப்பையில்தான் 750 மில்லி தேங்கிக் கிடந்தது.

பையில் இருந்தவை

என்னென்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டபோது மகன் கைப்பேசியில் குறித்து வைத்திருந்த பட்டியலைக் காட்டினார். எட்டு மருந்துகள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 10 மி.கி., டெல்மிசார்டான் 40, நீர் பிரிய ஃபியூரோசமைடு 40 இரண்டு வேளை, சிறுநீர்க் கசிவுக்கு ஆக்ஸிபியூட்டினின் 5 இரண்டு வேளை, சர்க்கரைக்குக் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த கூட்டு மாத்திரை இரண்டு வேளை, கொழுப்புக்கு அடோர்வாஸ்டாட்டின், ஆஸ்பிரின் 75, வயிற்று அமிலத்துக்குப் பான்டோபிரசோல்.

"டாக்டர் எழுதிக் கொடுத்தது மட்டும் வேண்டாம். வீட்டில் எங்கே என்ன மாத்திரை இருந்தாலும் அத்தனையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். மறுநாள் வந்த பையில் 13 இருந்தன. பட்டியலில் இல்லாத ஐந்து இவை: மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை, குளோர்ஃபெனிரமின் உள்ள சளி மாத்திரை, இரவுத் தூக்கத்துக்கு அல்பிரசோலம் 0.5, கால்சியம், அப்புறம் கிளிமிபிரைடு 2 மி.கி. தனி மாத்திரை.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். கூட்டு மாத்திரைக்குள்ளும் கிளிமிபிரைடுதான் இருக்கிறது. அட்டையின் நிறம் வேறு, வணிகப் பெயர் வேறு, எழுதிய மருத்துவர் வேறு. உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் அட்டையின் பின்பக்கம், வெள்ளித் தாளில், பொடி எழுத்தில். 78 வயதுக் கண்ணுக்கு அது வெறும் கோடு. மருமகள் சொன்ன காரணமும் நியாயமானதுதான்: "ஒண்ணு சர்க்கரை மாத்திரை, இன்னொண்ணு புது சர்க்கரை மாத்திரைங்க."

பையின் பக்க அறையில் மடித்து வைத்த ஒரு சீட்டும் இருந்தது. மறதிக்காக டோனெபெசில், அடுத்த வாரம் தொடங்கும்படி எழுதியிருந்தது. இன்னும் வாங்கவில்லை.

ஐந்து அல்லது அதற்கு மேல் மருந்துகளைத் தொடர்ந்து எடுப்பதைப் 'பல மருந்துப் பயன்பாடு' என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். 13 மருந்துகள் இருந்தால் இரண்டிரண்டாகச் சேரக்கூடிய ஜோடிகள் 78. அவர் வயதும் அதுவே என்பது தற்செயல்தான். அத்தனை ஜோடியும் ஆபத்தானவை அல்ல, ஆனால் அத்தனையையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தவர் யாரும் இல்லை. எழுதியவர்கள் நான்கு மருத்துவர்கள், ஐந்தாவது 'மருத்துவர்' மருந்துக்கடை.

எது எதனால் வந்தது

சீட்டுகளைத் தேதி வாரியாக மேசைமேல் அடுக்கியதும் கதை தெளிவானது.

ஏழு மாதங்களுக்கு முன் ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராததால் அம்லோடிபினை 5இலிருந்து 10 ஆக்கினார்கள். மூன்று வாரத்தில் இரண்டு கணுக்காலிலும் வீக்கம், மாலையில் அதிகம், காலையில் குறைவு. அம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கும், சிரைப் பக்கத்தை அந்த அளவு விரிக்காது. அதனால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் திசுக்களுக்குள் கசிகிறது. அளவு கூடக் கூட இந்த வீக்கமும் கூடும். உடம்பில் தண்ணீர் அதிகமாகி வந்த வீக்கம் அல்ல இது என்பதால், நீர் பிரியவைக்கும் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது.

ஆனால் இரண்டாவது மருத்துவர் ஃபியூரோசமைடு எழுதினார், காலை ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று. வாய்வழி ஃபியூரோசமைடின் வேலை ஆறு மணி நேரமாவது நீடிக்கும். எட்டு மணிக்குப் போட்டால் இரவு இரண்டு மணி வரை எழுந்து எழுந்து போக வேண்டியதுதான். முழங்கால் வலியுள்ளவர் ஓடிப்போய் அடைவதற்குள் கசிந்துவிடுகிறது. அதைச் சொன்னதும் மூன்றாவது மருத்துவர் ஆக்ஸிபியூட்டினின் கொடுத்தார். முதலில் குறைந்த கசிவு, சில வாரங்களில் மறுபடி கூடியது. அளவை இரட்டிப்பாக்கினார்கள்.

அந்த இரண்டாம் கசிவு முதல் கசிவு அல்ல. ஆக்ஸிபியூட்டினின், நரம்புச் செய்தி கடத்தும் பொருளான அசிட்டைல்கோலினைத் தடுத்து சிறுநீர்ப்பையைச் சுருங்கவிடாமல் செய்கிறது. அளவு மீறினால் பை நிரம்பி வழியும். நிரம்பி வழிவதும் பார்ப்பவருக்குக் 'கசிவு' போலத்தான் தெரியும். மருந்தால் வந்த தேக்கத்துக்கு அதே மருந்தை அதிகமாக்கியதுதான் இந்த நிகழ்வின் மையம் என்பேன். இதோடு குளோர்ஃபெனிரமினும் சேர்ந்தது; அதற்கும் அதே தடுக்கும் குணம் உண்டு. வாய் வறண்டது, மலச்சிக்கல் வந்தது, கூடவே மறதியும் வந்தது. நினைவுக்கும் கவனத்துக்கும் மூளை நம்பியிருக்கும் பொருள்களில் அசிட்டைல்கோலின் முக்கியமானது.

அந்த மறதிக்குத்தான் டோனெபெசில் சீட்டு. டோனெபெசில் மூளையில் அசிட்டைல்கோலினைக் கூட்டப் பார்க்கும், ஆக்ஸிபியூட்டினின் அதையே தடுக்கும். ஒரே வாயில் இரண்டையும் போட்டிருப்பார். போதாக்குறைக்கு டோனெபெசிலே நாடித் துடிப்பைக் குறைத்து மயக்கம் போடவைக்கும், சிறுநீர்க் கசிவையும் உண்டாக்கும்.

இந்தத் தொடரை 1990களில் பவுலா ரோச்சன், ஜெர்ரி குர்விட்ஸ் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் 'பிரிஸ்கிரைபிங் கேஸ்கேட்' என்று பெயரிட்டு விவரித்தார்கள். மருந்தின் பக்கவிளைவைப் புது நோய் என்று எண்ணி, அதற்கு இன்னொரு மருந்து கொடுப்பது. தனித்தனியாகப் பார்த்தால் இதில் எந்த மருத்துவரும் விநோதமாக எதையும் செய்யவில்லை. வீக்கத்துக்கு நீர் மாத்திரை, கசிவுக்குக் கசிவு மாத்திரை. ஒவ்வொருவர் முன்னாலும் இருந்தது ஒரு அறிகுறி மட்டும். அதற்கு முந்தைய சீட்டு இன்னொரு மருத்துவரின் கோப்பில் இருந்தது.

சிறுநீரகக் கணக்கு

நான்கு மாதங்களுக்கு முன் கிரியாட்டினின் 1.0. ஆய்வகத் தாளில் 'இயல்பு' என்று அச்சாகியிருந்தது. 1976இலிருந்து புழக்கத்தில் உள்ள காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் போட்டுப் பார்க்கலாம். 140இலிருந்து வயதைக் கழித்தால் 62. எடை 48ஆல் பெருக்கி, 72 மடங்கு கிரியாட்டினினால் வகுத்தால் 41.3. பெண் என்பதால் 0.85ஆல் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு 35 மில்லி. 'இயல்பு' என்று அச்சான அன்றே சிறுநீரகங்களின் வேலைத்திறன் இளவயதில் இருந்ததில் பாதிகூட இல்லை. வயதானால் தசை குறையும், தசை குறைந்தால் கிரியாட்டினின் உற்பத்தியும் குறையும். அதனால் எண் நல்லவிதமாகவே தெரியும். (கிரியாட்டினின் 2.3 ஆக இருந்த அன்று இந்தச் சூத்திரத்தைப் போடுவதில் பொருளில்லை. எண் ஒரு நிலையில் நிற்காமல் ஏறிக்கொண்டிருக்கும்போது இது தவறான விடை தரும்.)

அந்தச் சிறுநீரகத்தின்மேல் மூன்று பக்கத்திலிருந்தும் அழுத்தம். ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். டைக்ளோஃபெனாக் உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது, டெல்மிசார்டான் வெளியேறும் குழாயைத் தளர்த்துகிறது, ஃபியூரோசமைடு தண்ணீரையே குறைக்கிறது. வடிகட்டும் அழுத்தம் சரிகிறது. வலி மாத்திரை, சார்டான் அல்லது ஏசிஇ தடுப்பான் வகை ரத்த அழுத்த மாத்திரை, நீர் மாத்திரை மூன்றும் சேர்வது மருத்துவ வட்டாரத்தில் 'டிரிபிள் வாமி' என்றே பேர் வாங்கிய கூட்டணி. இவருக்கு நாலாவதாகச் சிறுநீர்த் தேக்கமும் கீழிருந்து அழுத்தியது. இரண்டு நாள் சாப்பிடாமலும் குடிக்காமலும் இருந்தது மிச்சத்தை முடித்தது.

சிறுநீரகம் சரிந்ததும் கிளிமிபிரைடின் சிதைபொருள்கள் வெளியேறாமல் தேங்கின. இரட்டை அளவு, சாப்பாடு இல்லை, வெளியேற வழியும் இல்லை. 46 வந்ததில் வியப்பில்லை.

நிறுத்தியது, குறைத்தது, விட்டது

முதல் இரண்டு நாளில் நிறுத்தியவை: டைக்ளோஃபெனாக், ஃபியூரோசமைடு, டெல்மிசார்டான், ஆக்ஸிபியூட்டினின், குளோர்ஃபெனிரமின், இரண்டு கிளிமிபிரைடும், மெட்ஃபார்மினும். சிறுநீரக வடிகட்டும் திறன் 30க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் கூடாது.

பொட்டாசியம் 5.9க்கு வழக்கமாக இன்சுலினும் குளுக்கோஸும் கையில் எடுப்போம். சர்க்கரை இறங்கி வந்தவருக்கு இன்சுலின் போடத் தயக்கம் இருந்தது. ஈசிஜி நன்றாக இருந்ததால் ஈசிஜி திரையைப் பார்த்தபடியே, அடைப்பு நீங்கிச் சிறுநீர் வடியட்டும், காரணமான மருந்துகள் நிற்கட்டும் என்று காத்திருந்தோம். மறுநாள் 4.9.

கிளிமிபிரைடு வகையால் சர்க்கரை இறங்கினால் ஒருமுறை குளுக்கோஸ் ஏற்றிவிட்டு அனுப்பக் கூடாது. இவருக்கு இரண்டாம் இரவு குளுக்கோஸின் வேகத்தைக் குறைத்தோம். மூன்று மணிக்குச் சர்க்கரை மறுபடி 58. பணியில் இருந்த செவிலியர் இரண்டு மணிக்கொரு முறை பார்க்க வேண்டும் என்ற குறிப்பை விடாமல் பின்பற்றியதால்தான் அது தெரிந்தது. சிறுநீரகம் கெட்டிருக்கும்போது இந்த ஆபத்து ஒரு நாளைத் தாண்டியும் நீளும்.

அல்பிரசோலத்தை மட்டும் நிறுத்தவில்லை. ஓராண்டாக இரவுதோறும் எடுத்தவருக்கு ஒரே நாளில் நிறுத்தினால் பதற்றம், தூக்கமின்மை, வலிப்புகூட வரலாம், டெலிரியமும் மோசமாகும். 'பட்டியல் நீளம், எல்லாவற்றையும் வெட்டு' என்ற வேகம் இங்கேதான் ஆபத்தாகிறது. மெல்லக் குறைக்கும் திட்டத்தை எழுதி வைத்தோம்.

ஆஸ்பிரினை நிறுத்தியதில் மகனுக்குச் சம்மதமில்லை. "இதயத்துக்கு நல்லதுன்னுதானே டாக்டர் குடுத்தாங்க?" நியாயமான கேள்வி. மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவருக்கு அது தேவை. எதுவும் வராத 70 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆஸ்ப்ரீ என்ற பெரிய ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. 19,000க்கும் அதிகமானோர் பங்கேற்ற அதில், தினசரி சிறு அளவு ஆஸ்பிரின் நலமான வாழ்நாளைக் கூட்டவில்லை, ரத்தக்கசிவைத்தான் கூட்டியது. ஆஸ்பிரினும் டைக்ளோஃபெனாக்கும் போனபின் பான்டோபிரசோலுக்கும் காரணம் இல்லை. அதைப் பாதியாக்கிப் பிறகு நிறுத்தினோம். நிறுத்தியதும் சில நாள் நெஞ்செரிச்சல் வரலாம், அது பழைய நோய் திரும்பியது அல்ல என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். சொல்லாவிட்டால் அந்த எரிச்சலே மாத்திரையைத் திரும்பக் கொண்டுவந்துவிடும்.

நான்காம் நாள் எழுந்து நடக்கத் தொடங்கியதும் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்த்தோம். 138/76, நின்று இரண்டு நிமிடத்தில் 112/66. மேல் எண் 20 இறங்கினாலே எழும்போது அழுத்தம் சரிகிறது என்று அர்த்தம். இரவில் தூக்க மாத்திரையோடு, நீர் வற்றிய உடம்போடு எழுந்தவர் விழுந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அம்லோடிபின் 5க்கு இறங்கியது.

அலசல்

ஒரு பாதிப்புக்கு மருந்துதான் காரணமா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும் நரஞ்சோ அளவுகோல் 1981இல் வந்தது. பத்துக் கேள்விகள், 9 அல்லது அதற்கு மேல் உறுதி, 5 முதல் 8 வரை பெரும்பாலும் மருந்துதான், 1 முதல் 4 வரை இருக்கலாம். ஆக்ஸிபியூட்டினினுக்கும் சிறுநீர்த் தேக்கத்துக்கும் போட்டுப் பார்த்ததில் 5 வந்தது. மருந்துக்குப் பின் வந்தது, அளவு கூட்டியதும் மோசமானது, நிறுத்தியதும் சரியானது, குழாயில் கண்கூடாகத் தெரிந்தது. குளோர்ஃபெனிரமினும் காரணமாக இருக்கலாம் என்பதால் ஒரு புள்ளி கழிந்தது. இந்த அளவுகோலின் குறையே இதுதான். ஒரு மருந்து, ஒரு விளைவு என்றே அது யோசிக்கிறது. இவருடைய குழப்பத்துக்குச் சர்க்கரை, சிறுநீரகம், தேக்கம், இரண்டு தடுப்பு மருந்துகள், ஒரு தூக்க மாத்திரை எல்லாம் பங்குபோட்டுக்கொண்டன. தனித்தனியே மதிப்பெண் போட்டால் எதுவும் 'உறுதி' ஆகாது.

நடைமுறைக்கு உதவுபவை பட்டியல்கள். முதியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளைச் சொல்லும், 1991இல் மார்க் பியர்ஸ் தொடங்கிய பியர்ஸ் பட்டியலை இப்போது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் புதுப்பிக்கிறது. 2023 பதிப்பு கிளிமிபிரைடு வகையையே முதியவர்களுக்கு முதல் தேர்வாகவோ இரண்டாம் தேர்வாகவோ வைக்க வேண்டாம் என்கிறது. அயர்லாந்தில் 2008இல் பிறந்த ஸ்டாப்-ஸ்டார்ட் எனக்கு இன்னும் பிடிக்கும். எதை நிறுத்தலாம் என்பதோடு, கொடுக்க வேண்டியது எது விடுபட்டிருக்கிறது என்றும் அது கேட்கிறது. 13 மாத்திரை எடுத்த இந்த அம்மாவுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஒருமுறைகூட நடக்கவில்லை.

எச்பிஏ1சி 6.3 பற்றி ஒரு வார்த்தை. நாற்பது வயதுக்காரருக்கு அது பாராட்டுக்குரிய எண். பல நோய்களோடு தளர்ந்திருக்கும் 78 வயதுக்காரருக்கு 8க்குக் கீழே இருந்தாலே போதும். முந்தைய பரிசோதனைத் தாளில் யாரோ 'நன்று' என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் 'தீங்கில்லா மருந்து' என்ற நோக்கில் ஓர் அறைகூவல் விடுத்தது. தவிர்க்கக்கூடிய கடும் மருந்துத் தீங்குகளை ஐந்தாண்டில் பாதியாக்குவது இலக்கு. அதில் முன்னுரிமை பெற்றவை மூன்று: ஆபத்து மிகுந்த சூழல்கள், பல மருந்துப் பயன்பாடு, நோயாளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறும் தருணங்கள். இவரிடம் மூன்றும் இருந்தன. மூன்றாவது, வீட்டுக்குப் போன பிறகும் தொடர்ந்தது.

பின்தொடர்தல்

ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ். கையில் அம்லோடிபின் 5, அடோர்வாஸ்டாட்டின், குறைத்துக்கொண்டு வரும் அல்பிரசோலம், வலிக்குப் பாராசிட்டமால், தடவிக்கொள்ள ஒரு களிம்பு. பான்டோபிரசோல் இன்னும் சில நாளுக்கு. கால்சியத்தை எலும்புப் பரிசோதனை முடியட்டும் என்று ஒதுக்கி வைத்தோம். மூன்று வாரத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 170களில் நின்றதால் லினாகிளிப்டின் சேர்த்தோம். சிறுநீரகத்துக்காக அளவை மாற்ற வேண்டியதில்லை, தனியாகக் கொடுத்தால் சர்க்கரையை அபாயமாக இறக்குவதும் அரிது. கிரியாட்டினின் 1.1க்கு வந்தபின் டெல்மிசார்டான் பாதி அளவில் திரும்பியது. கால் வீக்கம் போய்விட்டது. நீர் மாத்திரை இல்லாததால் இரவில் ஒருமுறைதான் எழுகிறார், கசிவு இல்லை.

ஐந்தாம் வாரம் மருமகள் தொலைபேசியில் அழைத்தார். வாய் மறுபடி வறள்கிறதாம். என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னோம். ஆக்ஸிபியூட்டினின் திரும்பி வந்திருந்தது. மருந்துக்கடையில் பழைய சீட்டை வைத்தே மாதாமாதம் மருந்தைக் கட்டிக் கொடுக்கிறார்கள். நிறுத்தியதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் தாளில் கொடுக்க வேண்டிய மருந்துகள் இருந்தன, நிறுத்தியவை இல்லை. பெரும்பாலான டிஸ்சார்ஜ் தாள்கள் அப்படித்தான். அதன்பின் ஒரு பக்கத்தில் இரண்டு பத்தி எழுதினோம்: இப்போது எடுப்பவை, எதற்காக; நிறுத்தியவை, ஏன். வணிகப் பெயரும் உள்ளிருக்கும் மருந்தின் பெயரும் பெரிய எழுத்தில். ஒரு படி கடைக்கு, ஒரு படி நான்கு மருத்துவர்களுக்கும். பழைய சீட்டுகளில் குறுக்கே கோடு போட்டோம், டோனெபெசில் சீட்டிலும்.

மூன்றாம் மாதம் நினைவாற்றல் சோதனையில் 30க்கு 24. மருத்துவமனையில் குழப்பம் தெளிந்த வாரத்தில் 17 இருந்தது. மருந்து போனதால் ஏறியதா, டெலிரியம் முழுதும் கலைந்ததால் ஏறியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அடியில் மறதிநோய் தொடங்கியிருக்கவும் கூடும், ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பாராசிட்டமால் போதவில்லை என்கிறார், அது உண்மைதான். தொடைத் தசைப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறோம். அல்பிரசோலம் 0.25இல் நிற்கிறது. அதற்குக் கீழே போக அவருக்கு மனமில்லை. "இதையும் புடுங்கிடாதீங்க டாக்டர்" என்றார். அடுத்த முறை வரும்போது மறுபடி பேசிப் பார்க்க வேண்டும்.